யார் வீட்டு அரிசி?

தென்காசிப் பக்கத்தில் கூட்டாஞ்சோறு என்றால் இரண்டு பொருள். ஒன்று வீட்டுச் சமையல். அரிசியும் துவரம்பருப்பும் ஒரே பானையில் வேகும். கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், சீனியவரை என்று அன்றைக்கு வீட்டில் இருக்கிற காயெல்லாம் அதில் விழும். தேங்காயும் சீரகமும் வத்தலும் சின்ன உள்ளியும் அரைத்து விட்டு, புளி கரைத்து ஊற்றி, இறக்குகிற நேரத்தில் இரண்டு கை முருங்கைக்கீரையை உருவிப் போட்டால் தெருமுனை வரைக்கும் மணக்கும். தொட்டுக்கொள்ளக் கூழ்வத்தல். இன்னொன்று பிள்ளைகள் விளையாட்டு. விடுமுறை நாளில் நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி, கொஞ்சம் பருப்பு, ஒரு காய் என்று கொண்டுவந்து தோப்பிலோ வாய்க்கால் கரையிலோ மூன்று கல் வைத்துச் சமைத்து, தேக்கிலையிலோ வாழையிலையிலோ போட்டுத் தின்பார்கள். சமையலுக்கும் விளையாட்டுக்கும் ஒரே பெயர் என்பதில் ஆச்சரியமில்லை. இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: உன்னிடம் இருப்பதைக் கொண்டா, எல்லாம் ஒரே பானைக்குள் போகும்.

குழந்தைகளுக்குக் குழுவாகச் சமையல் கற்றுக்கொடுப்பதைப் பற்றி இன்று நகரங்களில் நிறையப் பேசுகிறார்கள். கோடை வகுப்பு நடத்துகிறார்கள், சிறிய ஏப்ரன் தைத்துக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதற்குரிய பாடத்திட்டம் நம்மிடம் வெகுகாலமாக இருந்திருக்கிறது. அதை விளையாட்டு என்று சொல்லிக் கடந்துவிட்டோம். அந்தப் பாடத்திட்டத்தில் எது உயிர், எதைக் கழித்துவிட வேண்டும் என்று பார்ப்பதுதான் இங்கே என் நோக்கம்.

பழைய சான்று அகநானூற்றில் இருக்கிறது. போந்தைப் பசலையார் பாடிய 110-ஆம் பாட்டில், கடற்கரைச் சிறுமிகள் தோழிகளோடு கடலாடுகிறார்கள், மணலில் சிறுவீடு கட்டுகிறார்கள், சிறுசோறு ஆக்குகிறார்கள், களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது ஒரு வெளியாள் வருகிறான். இலையில் பரப்பிய இந்த விருந்தைத் தானும் உண்டு இந்தச் சிறிய ஊரில் தங்கினால் என்ன என்று கேட்கிறான். இது உமக்கு ஏற்றதல்ல, மீன்சோறு, எளியவர் உணவு என்று பதில் வருகிறது. காதல் பாட்டுதான். ஆனாலும், பிள்ளைகள் ஆக்கிய சோற்றின் முன்னால்கூட 'யார் எதைத் தின்னலாம்' என்ற கேள்வி வந்து நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வி இன்னும் நம்மை விடவில்லை. பின்னால் அதற்கு வருகிறேன்.

பெண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களைச் சொல்லும் பழைய இலக்கண, நிகண்டு மரபில் சிற்றில் இழைத்தலும் சிறுசோறாக்கலும் இடம்பெறுகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலும் சிற்றில் உண்டு, சிற்றில் சிதைத்தலாக. சிறுமிகள் கட்டிய மணல்வீட்டைக் காலால் எற்ற வேண்டாம் என்று ஆண்பிள்ளையிடம் கெஞ்சும் பருவம் அது. கட்டுவதும் ஆக்குவதும் ஒருத்தி வேலை, கலைப்பது ஒருவன் விளையாட்டு. தமிழ்க் கவிகள் இதை எத்தனை அழகாகப் பாடியிருந்தாலும், அடுப்படியைப் பற்றிய நம் பாகப்பிரிவினை எந்த வயதில் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இந்தச் சிறுசோறு ஒரு திருவிழாவாகவே உயிரோடிருக்கிறது. சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். மார்கழி முழுக்க வாசலில் கோலமிட்டு, சாணி உருண்டை பிடித்து, அதில் பூசணிப்பூவைச் செருகி நடுவில் வைப்பார்கள். பகலில் அந்தச் சாணியைப் பூவோடு சேர்த்துத் தட்டிக் காயவைத்துச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். தைப்பொங்கல் முடிந்தபின் தை மாதத்துக்குள் ஒரு நாள், ஊருக்கு ஊர் நாள் மாறும், வீட்டு முற்றத்தில் களிமண்ணால் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக ஒரு வீடு எழும்பும். வாசல் உண்டு, திண்ணை உண்டு, அடுப்படி உண்டு. அதற்குள் சின்னப் பானையில் வீட்டுச் சிறுமிகள் பொங்கல் பொங்குவார்கள். பிறகு மார்கழிப் பூ எருவையும் பொங்கலையும் எடுத்துக்கொண்டு கூட்டமாக ஆற்றுக்கோ குளத்துக்கோ போய்ப் படைத்து, எருவை நீரில் விடுவார்கள். தாமிரபரணிக்கரை ஊர்களில் தாமிரபரணி. தென்காசிப் பக்கத்தில் குற்றால மலையிலிருந்து இறங்கி வரும் சிற்றாறும் அதன் கால்களும் குளங்களும்.

சின்ன வயதில் எனக்கு இது சாமி கும்பிடும் சடங்காக மட்டுமே தெரிந்தது. இப்போது யோசித்தால், ஒரு குழந்தையைச் சமையலுக்குள் கொண்டுவர இதைவிட நுணுக்கமான ஏற்பாட்டை யாரும் வகுத்துவிட முடியாது என்று படுகிறது. பானை சின்னது, பால் பொங்கி வழிந்தாலும் நஷ்டம் சின்னது. வீடு சின்னது, அதனால் பெரியவர்கள் உள்ளே நுழைய முடியாது, வெளியே குந்திக்கொண்டுதான் சொல்ல முடியும். சமையல் ஒரு நாள்தான், ஆனால் எரு தட்டும் ஆயத்தம் ஒரு மாதம். ஆக்கியதை முதலில் தான் தின்னாமல் தண்ணீருக்கும் சாமிக்கும் கூட வந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் சொப்புச் சாமான்களில் பிள்ளைகள் சமைப்பது மண்சோறும் இலைக்கறியும். சிறுவீட்டுப் பானையில் வேகுவது நிஜ அரிசி. பாவனைக்கும் பசிக்கும் நடுவில் ஒரு படி வேண்டும் என்பதை யாரோ ஒரு ஆச்சி எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாள்.

அதில் ஆண்பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதே குறை. களிமண் சுமப்பார்கள், சுள்ளி பொறுக்குவார்கள், பொங்கல் தின்ன வருவார்கள். அகப்பை அவர்கள் கைக்குப் போகாது.

இனி, தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மே மாதம், இலஞ்சிப் பக்கத்தில் உறவினர் தென்னந்தோப்பில், பதின்மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூட்டாஞ்சோறு ஆக்கினோம். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. ஆணும் பெண்ணும். எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும் போதாது என்று ஊரின் மற்ற இரண்டு தெருக்களிலும் சொல்லியிருந்தேன். ஆளுக்கு அரை உழக்கு அரிசி, ஒரு காய், அவ்வளவுதான் சொன்னது. நான் எதையும் தொடுவதில்லை, கேட்டால் மட்டும் பதில் சொல்வது என்று எனக்கு நானே கட்டுப்பாடு.

அடுப்புப் பற்றவைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. தென்னந்தோப்பில் விறகுக்கா பஞ்சம்? ஆனால் எது முதலில் பிடிக்கும் என்று தெரிய வேண்டுமே. நேராக மட்டையில் தீக்குச்சியைக் காட்டினார்கள், கருகி அணைந்தது. ஒன்பது வயதுப் பையன் ஒருத்தன் சில்லாட்டையைப் பிய்த்து அடியில் வைத்தான். குப்பென்று பிடித்தது. அப்புறம் பாளை, அப்புறம் மட்டை, கடைசியில் சிரட்டை. அவன் வீட்டில் இன்னும் வெந்நீருக்கு விறகடுப்புதான் எரிகிறதாம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்றைக்கு அடுப்புக்கு அவன்தான் அதிகாரி.

பருப்போடு சேர்த்துப் புளித்தண்ணீரையும் முதலிலேயே ஊற்றிவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. பருப்பு வேகவே இல்லை. புளிப்பு, பருப்பின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டினை இளகவிடாது. அதனால்தான் வீட்டில் பருப்பு மலர்ந்தபின் புளியை ஊற்றுகிறார்கள். இதை எட்டாம் வகுப்பு அறிவியலில் அமிலம் என்று படிக்கப்போகிறவர்கள், அன்றைக்குப் பல்லில் கடித்துத் தெரிந்துகொண்டார்கள். அடுத்தது அரிசி. பதின்மூன்று வீட்டு அரிசியும் ஒன்றாகக் கொட்டியாகிவிட்டது. அதில் ரேஷன் கடைப் புழுங்கல் இருந்தது, கடைப் பொன்னி இருந்தது, யாரோ பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய பச்சரிசியும் இருந்தது. பச்சரிசி குழைந்து கஞ்சியாகிவிட்ட நேரத்தில் ரேஷன் புழுங்கல் நடுவில் வெள்ளையாக நின்றது. முதல் வாய் வைத்த சிறுமி நறுக்கென்று கடித்துவிட்டுக் கேட்டாள்: "ஏல, இது யார் வீட்டு அரிசில?"

இரண்டு பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அந்தக் கணம் நெஞ்சில் தைத்தது. கேட்டவளுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. வேகாத சோறு வேகாத சோறுதான். ஆனால் நம் ஊரில் அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வருமுன்பே வேறு பலர் வாயிலிருந்து வந்து பழகிய கேள்வி.

தென்காசிக்குத் தென்கிழக்கே சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் இந்தக் கேள்வியில்தான் உடைந்தது. தேசபக்தியும் உடலுழைப்பும் தமிழும் சேர்ந்த கல்வி என்பது அவர் கனவு, பொதுப்பணமும் காங்கிரஸ் பணமும் அதற்கு வந்தன. ஆனால் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் உணவு தனி. அது வெளியே தெரிந்தபோது வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள், தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. காந்தி வரைக்கும் போனது. 1925 ஜூனில், மகளைக் காப்பாற்றப் போய், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் ஐயர் மூழ்கி இறந்தார். அத்தனை பெரிய மனிதர், அத்தனை உயர்ந்த நோக்கம். இரண்டு இலைகளைச் சேர்த்துப் போட முடியாததால் வரலாற்றில் அந்தப் பள்ளிக்குத் தனிப்பந்திப் பள்ளி என்ற பெயர்தான் நின்றது.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று விட்டுவிட முடியாது. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் தகராறு செய்தார்கள். 2022 செப்டம்பரில், நம் தென்காசி மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் சிறுவர்களிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்க முடியாது என்று கடைக்காரர் சொன்ன காணொளியை நாடே பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையத் தடையும் வந்தது. அந்தப் பிள்ளைகள் கேட்டது மிட்டாய். ஏன் தரமாட்டேன் என்கிறார் என்று புரியாமல் அவர்கள் நின்ற நிற்பை என்னால் மறக்க முடியவில்லை.

கூட்டாஞ்சோற்றைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கூட்டாஞ்சோறு பெரும்பாலும் ஒரு தெருவின் கூட்டாஞ்சோறு. அந்தப் பானைக்குள் எல்லா வீட்டு அரிசியும் விழுந்தது, ஆனால் எல்லா வீடும் என்பது அந்தத் தெருவின் எல்லா வீடும் என்றுதான் அர்த்தம். ஆகவே அதை அப்படியே மீட்டெடுப்பதில் எனக்கு ஆசை இல்லை. அதன் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவைப் பெரிதாக்க வேண்டும். அதற்குத் தோதான இடம் பள்ளிக்கூடம்.

பள்ளியில் ஏற்கெனவே அடுப்பு எரிகிறது. பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் தமிழ்நாடு யாருக்கும் சளைத்ததில்லை. 1920-இல் சென்னை ஆயிரம்விளக்கில் நீதிக்கட்சி மாநகராட்சி தொடங்கியது, 1956-ல் காமராஜர் மாநிலத் திட்டமாக்கினார், 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022 செப்டம்பர் 15-ல் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் கொண்டுபோனார். ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோறு தின்னும் பழக்கத்தை இந்தத் திட்டங்கள் வளர்த்த அளவுக்கு எந்தப் பிரசங்கமும் வளர்க்கவில்லை. ஆனால் பிள்ளைகள் தட்டை நீட்டுகிறார்கள், சோறு விழுகிறது. அந்தச் சோறு எப்படிச் சோறானது என்பதற்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது.

சுவர் காரணமில்லாமல் வந்ததல்ல. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுச் சமையல் இடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதற்குப் பிறகு அடுப்பும் குழந்தையும் ஒரு கூரையின் கீழ் என்றாலே எந்தத் தலைமையாசிரியருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். நடுங்க வேண்டும். ஆகையால் பள்ளியில் தொடங்கும்போது தீயில்லாமல்தான் தொடங்க வேண்டும். நம் பக்கத்துச் சாப்பாட்டில் அதற்குக் குறைவில்லை. நனைத்த அவலில் தேங்காய்த் துருவலும் வெல்லமும். ஊறவைத்து முளைகட்டிய பாசிப்பயறில் மாங்காய் நறுக்கிப்போட்டு எலுமிச்சை பிழிந்தது. பொட்டுக்கடலையும் கருப்பட்டியும் இடித்துப் பிடித்த உருண்டை. பானகம், நீர்மோர். முளைகட்டுவது இரண்டு நாள் வேலை என்பதே ஒரு பாடம். பத்து வயதுக்குமேல், திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் அருகே நிற்க, பருத்தி உடுப்போடு, தண்ணீர் வாளியும் மணலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டலாம்.

வெளியூர்க் கதைகளையும் பார்ப்போம். ஜப்பானில் 1947-லிருந்து தொடக்கப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்து மனையியல் படிக்கிறார்கள். சோறு வடிக்கவும் மிசோ சூப் வைக்கவும் அங்கே பாடத்திட்டமே சொல்கிறது. நம் ஊர்க் கணக்கில் சோறும் ரசமும். இங்கிலாந்து 2014 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் சமையலைப் பதினான்கு வயது வரைக்கும் கட்டாயமாக்கியது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் 2024-லிருந்து அப்பா தேங்காய் துருவுகிறார். ஒரே ஒரு படம்தான். ஆனால் அதைப் பார்க்கிற எட்டு வயதுப் பையனுக்கு அதற்குப் பிறகு துருவி அம்மாவின் சாமானாகத் தெரியாது.

தானே ஆக்கியதைப் பிள்ளை கூடுதலாகத் தின்னும் என்பது தாய்மார் எல்லாருக்கும் தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் 6 முதல் 10 வயது வரையுள்ள 47 குழந்தைகளை வைத்து நடந்து 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெற்றோருடன் சேர்ந்து சமைத்த பிள்ளைகள் காய்கறி சாலடை மற்றவர்களைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு அதிகமாகத் தின்றதாகக் காட்டியது. ஓர் உணவு நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் செய்தது, எண்ணிக்கையும் சின்னது. ஆகவே அதை அளவோடுதான் ஏற்க வேண்டும். ஆனால் அன்றைக்குத் தோப்பில் முருங்கைக்கீரையைத் தானே உருவிப்போட்ட பிள்ளைகளில் ஒருவர்கூட அதை ஒதுக்கிவைக்கவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இந்தியாவிலும் இதை ஒருமுறை முழுமூச்சாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் சமையலறையும் வகுப்பறைதான். சேவாகிராமத்தில் அதைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியவர் ஆரியநாயகம், இலங்கைத் தமிழர், தாகூரின் செயலாளராக இருந்தவர். மனைவி ஆஷாதேவியோடு சேர்ந்து அங்கே பிள்ளைகளை வைத்தே பொதுச் சமையலை நடத்தினார். எத்தனை பேருக்கு எவ்வளவு தானியம், விலை என்ன, காய் எங்கே விளைந்தது என்பதெல்லாம் கணக்காகவும் புவியியலாகவும் மாறின. சுதந்திரத்துக்குப் பிறகு நாம் அந்தப் பள்ளிகளைக் கைத்தொழில் என்ற சிமிழுக்குள் அடைத்து, மெல்ல மெல்ல மூடினோம். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

பள்ளிக்கு வெளியேயும் அதே கதைதான். குற்றாலத்துக்கு வருகிறவர்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு பாதிப்பேர் ஏனமும் அரிசியும் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். சாரலில் நனைந்துவிட்டு, வாடகை வீட்டிலோ மரத்தடியிலோ பெரியவர்கள் பானை ஏற்ற, பிள்ளைகள் சுள்ளி பொறுக்கப் போவார்கள். இப்போது குளித்துவிட்டு நேரே பிரானூர் பார்டருக்குப் புரோட்டா தின்னப் போகிறோம். ருசிக்குக் குறைவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் வேலை இல்லாமல் போயிற்று.

தோப்பில் பிறகு என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. அந்தக் கேள்வி விழுந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பன்னிரண்டு வயதுப் பெரியவள் ஒருத்தி, பானையில் இன்னும் தண்ணீர் விட்டு, இலையிலிருந்த சோற்றையெல்லாம் திரும்பக் கொட்டச் சொன்னாள். எச்சில்படாததை மட்டும் என்று ஒருத்தன் சொன்னான். எல்லாரும் ஒரு வாய்தானே வைத்தோம் என்று அவள் சொல்லிவிட்டாள். மூடிவைத்து மறுபடி அரைமணி நேரம் வேகவிட்டார்கள். கூட்டாஞ்சோறு குழைந்தால் குற்றமில்லை. எந்தப் பருக்கை எங்கே போயிற்று என்று தெரியாதபடி எல்லாம் ஒன்றாகிவிட்டது. அடியில் பிடித்ததைச் சுரண்டித் தின்னச் சண்டை வந்தது.

அடுத்த முறை அரிசியைக் கொட்டுமுன் தாம்பாளத்தில் தனித்தனியாகப் பரப்பினார்கள். ரேஷன் புழுங்கலை முந்தின இரவே ஊறவைத்துக் கொண்டுவர அந்த இரண்டு பிள்ளைகளிடமும் சொல்லியிருந்தார்கள். புழுங்கல் முதலில், பொன்னி பிறகு, பச்சரிசி கடைசியில் என்று பெரியவள் வரிசை சொன்னாள். பருப்பு மலர்ந்ததா என்று அகப்பையில் எடுத்து நசுக்கிப் பார்த்தபிறகே புளியை ஊற்றவிட்டாள். சாப்பாடு முடிந்ததும், பானை யார் தேய்ப்பது என்று பேச்சு வந்தது. அடுப்பு மூட்டிய பையன் சாம்பலை அள்ளித் தேங்காய்நாரில் வைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான். கூடவே இரண்டு பையன்கள் போனார்கள். கரிப்பானை முழுக்க வெளுக்கவில்லை. கொண்டுவந்து கவிழ்த்தபோது மூன்று பேர் முழங்கை வரைக்கும் கரி.